சான்றிதழுக்கு முன்பே தொடங்கும் உரிமை

தஞ்சாவூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் சேரும் குழந்தைகளுள் பார்வை, செவித்திறன், உடல் இயக்கம், அறிவு வளர்ச்சி, வாசிப்பு ஆகியவற்றில் மாறுபட்ட தேவைகளோடு வருவோருக்குச் சட்டம் அளித்திருக்கும் பாதுகாப்பு விரிவானது. ஆயினும் மருத்துவச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் அந்தப் பாதுகாப்பு தொடங்கும் என்ற தவறான எண்ணம் பெற்றோரிடம் மட்டுமல்லாமல் சில பள்ளிகளிடமும் வேரூன்றியிருக்கிறது. உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் சான்றிதழ் தேவைதான். காது மந்தமான குழந்தையை முன்வரிசையில் அமர்த்துவதற்கும், எழுதத் தடுமாறும் குழந்தையின் விடையை வாய்மொழியாகக் கேட்டுக்கொள்வதற்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டிருக்க, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அவற்றை 21 ஆக விரித்து, புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசத்தையும், குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அப்பட்டியலில் சேர்த்தது. அதன் 31ஆம் பிரிவு வழங்கும் சிறப்பு உரிமைக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பள்ளிகளின் கடமையைச் சொல்லும் 16ஆம் பிரிவில் அத்தகைய விழுக்காட்டு வரம்பு கிடையாது. பாகுபாடின்றிச் சேர்ப்பதும், குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்வதும், கற்றல் குறைபாட்டை இயன்ற அளவு விரைவில் கண்டறிந்து அதற்குரிய கற்பித்தல் முறைகளைக் கையாள்வதும் அரசுப் பள்ளி, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி ஆகிய இரண்டுக்கும் பொதுவான கடமைகள். நியாயமான ஏற்பாடு என்பது நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல் செய்யக்கூடிய மாற்றத்தைக் குறிக்கும். மாடியிலுள்ள வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது அதற்கு எளிய எடுத்துக்காட்டு. கண்டறியும் பொறுப்பைச் சட்டம் பள்ளியிடம் ஒப்படைத்திருக்க, சான்றிதழோடு வரும்படி பெற்றோரைத் திருப்பி அனுப்புவது தலைகீழான நடைமுறை என்றே சொல்ல வேண்டும்.

இவற்றுள் எளிதில் கண்ணில் படாதது கற்றல் குறைபாடு. வயதுக்கேற்ற பேச்சும் சிந்தனையும் இருந்தும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ மட்டும் தொடர்ந்து பின்தங்கும் நிலையே அது. அறிவுக் குறைவு அன்று. தமிழ் எழுத்துமுறையில் அது தலைகாட்டும் விதமும் தனியானது. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் நின்றாலும் அதன் ஒலி பின்னால்தான் வருகிறது. ‘கொ’வில் உயிர்க்குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. எழுத்துகளைத் தனித்தனியே பிழையின்றிச் சொல்லும் குழந்தை, ‘கொக்கு’ என்பதைச் சேர்த்துப் படிக்கும்போது கொம்பைத் தவறவிட்டுக் ‘காக்கு’ என்றோ, காலைத் தவறவிட்டுக் ‘கெக்கு’ என்றோ படித்து, அடுத்த வரியில் அதே சொல்லை வேறு விதமாகப் படிக்கலாம். மாறாக, ழகரத்தை ளகரமாக ஒலிப்பதும் எழுதுவதும் மட்டுமே குறைபாட்டின் அறிகுறி ஆகிவிடா. வீட்டுப் பேச்சு அப்படியிருக்க, குழந்தையைக் குறை சொல்வதில் பொருளில்லை.

2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. ஒரு குழந்தை அடுத்தடுத்த வகுப்புகளுக்குச் சென்ற பின்னும் அரும்பு நிலையிலேயே தங்கிவிடுமானால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காமல் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்வதே முறை. காதில் சீழ் வடிவதும் கரும்பலகை தெரியாததும் வாசிப்புக் குறைபாடாகத் தோன்றுவதுண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தும் வழக்கம் இல்லை என்பது நன்மையே எனினும், தேர்ச்சிப் பட்டியலை மட்டும் பார்க்கும் பெற்றோருக்குக் குழந்தையின் தடுமாற்றம் ஐந்தாம் வகுப்பு வரை தெரியாமலே போகும் ஆபத்தும் அதில் உண்டு. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழோ பொதுவாக 8 வயதை ஒட்டியோ மூன்றாம் வகுப்பை எட்டிய பின்னரோதான் கிடைக்கும். எனவே அதுவரை காத்திருப்பது, எழுத்தறிவுக்கு அடித்தளமிடும் ஆண்டுகளையே இழப்பதாகும்.

காவிரிப் பாசனப் பகுதியின் வேலைச் சுழற்சியும் இதில் குறுக்கிடுகிறது. குறுவை நடவும் சம்பா நடவும் நடக்கும் நாள்களில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்வதென்றால், பேராவூரணியிலோ திருப்பனந்தாளிலோ இருக்கும் விவசாயக் கூலித் தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஆதலால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இயங்கும் வட்டார வள மையத்தை அணுகி, அடுத்த மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்வது பயன்தரும். சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை சிகிச்சையாளரும் அம்மையத்தின் வழியாகவே பள்ளிகளுக்கு அனுப்பப்படுகின்றனர். வடகிழக்குப் பருவமழையில் சேறாகும் தெருவில் சக்கர நாற்காலி நகராது என்பதும் கவனத்துக்குரியது. அதிக உதவி தேவைப்படும் குழந்தைக்கும் உடன் வருபவருக்கும் போக்குவரத்து வசதி செய்வதை அதே 16ஆம் பிரிவு கடமையாக்குகிறது.

இன்னொரு ஆபத்து சலுகை வடிவில் வருகிறது. கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று 2012இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தெரிவு குழந்தைக்கு உரியதேயன்றி, பள்ளி தன் வசதிக்காகத் திணிக்கக்கூடியது அன்று. ‘வீட்டில் வைத்தே பாருங்கள்’ என்று பள்ளி கூறினால், அதை எழுத்தில் தரும்படி கேட்பது பெற்றோரின் உரிமை. பெரும்பாலும் அந்த ஒரு கோரிக்கையிலேயே பேச்சு மாறிவிடும். மெதுவாகப் படிக்கும் குழந்தையை அடிப்பதும் வகுப்பில் ‘மக்கு’ என்று அழைத்து அவமானப்படுத்துவதும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை எடுக்கலாம்.

சிறப்பாசிரியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டும் பதிலும் செல்லாது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வகுத்துள்ளது. குறைதீர்ப்பின் முதற்படி பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பதால், தீர்மானமாக எழுதி வாங்குவது கடினமன்று. அங்கே நடக்காதபோது கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அது 3 மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் செல்லும். மாற்றுத்திறனாளிகள் சட்ட மீறல்களை மாநில ஆணையர் விசாரிப்பார். சட்டத்தை மீறுவோருக்கு முதன்முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 இலட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. அடித்தல் போன்ற அவசர நிலைகளில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளி தொடர்பான ஐயங்களுக்கு 14417 என்ற எண்ணையும் அழைக்கலாம். எந்த மனுவாயினும் ஒரு நகலில் தேதியுடன் ஒப்புகைக் கையெழுத்து பெற்று வைத்திருத்தல் வேண்டும், ஏனெனில் 3 மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்தே எண்ணப்படும்.