உஷார்! அந்தக் கைகள் என்ன சொல்கின்றன?

புயல் வருகிறது, வீட்டைவிட்டு வெளியேறுங்கள் என்று அதிகாரி சொல்கிறார். பக்கத்தில் நிற்பவரின் கைகளோ ‘பீட்ஸா’, ‘கரடி’, ‘பூதம்’ என்கின்றன. 2017 செப்டம்பரில், இர்மா புயல் நெருங்கிய நேரத்தில், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் மனட்டீ மாவட்டத்தில் நடந்தது இது. சைகைமொழியில் பெயர்க்க நின்றவர் கடற்கரையில் நீச்சல்காரர்களைக் காக்கும் மாவட்ட ஊழியர். சகோதரருக்குக் காது கேளாததால் அவருக்குக் கொஞ்சம் சைகை தெரியும். அவசரத்துக்கு அவரையே நிறுத்திவிட்டார்கள். உயிர் தப்ப வழி தேடித் திரையைப் பார்த்த காதுகேளாதோருக்குக் கிடைத்தது அந்த உளறல்தான். என்ன கொடுமை!

அதே ஆண்டு நவம்பரில், அதே மாநிலத்தின் டாம்பா நகரில், தொடர்கொலை வழக்கில் ஒருவர் கைதானதை போலீஸ் அறிவித்தபோதும் ஒரு பெண் வந்து நின்று அர்த்தமில்லாமல் கையசைத்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

2013 டிசம்பர் 10 அன்றே உலகம் விழித்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலா அஞ்சலிக் கூட்டம். ஒபாமா பேசும்போது கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஆள் செய்தது வெறும் கையசைப்பு. காது கேட்பவர்களுக்கு அது மொழிபெயர்ப்பாகவே தெரிந்தது. ஆபத்தே அதுதான்: ஏற்பாடு செய்பவருக்குப் போலி எது என்று தெரியவே தெரியாது. காதுகேளாதோரோ உடனே கண்டுகொண்டார்கள். அந்நாட்டின் காதுகேளாத எம்.பி. வில்மா நியூஹௌட்-ட்ரூகனும் அவர்களில் ஒருவர்.

எனவே, அரசுக் கூட்டமும் எச்சரிக்கைப் பேட்டியும் நடத்துபவர்களே, புயல் சின்னம் உருவான பிறகு ஆள் தேடாதீர்கள். தகுதிச் சான்று பெற்றவர்களின் பட்டியல் இப்போதே கையில் இருக்கட்டும். அவர்களின் திறமையைக் காதுகேளாதோரே சோதிக்கட்டும். ‘கீழே எழுத்து ஓடுகிறதே, போதாதா?’ என்று கேட்பவர்களை நம்பாதீர்கள். சைகையிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்து இரண்டாம் மொழி. 2020இல் வெள்ளை மாளிகை அந்த வாதத்தை வைத்தபோது நீதிமன்றம் ஏற்கவில்லை. கொரோனா பேட்டிகளில் சைகைமொழிபெயர்ப்பாளரைக் காட்டியாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஒரே ஆள் மணிக்கணக்கில் தனியாக நின்றால் சந்தேகப்படுங்கள். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதுதான் இத்தொழிலின் வழக்கம். கேமராக்காரரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்: சைகைமொழியில் முகமும் பேசும். அமைச்சரின் முகத்தை நெருக்கிக் காட்டுவதற்காக மொழிபெயர்ப்பாளரைத் திரைக்கு வெளியே தள்ளினால், அந்த நிமிடத்தின் அறிவிப்பு காதுகேளாதோருக்குப் போய்ச் சேராது.