வாசல் வழி வராத திருடன்

நம் பாட்டிமார் காலத்தில் திருடன் என்றால் அவனுக்கென்று சில லட்சணங்கள் உண்டு. அமாவாசை இருட்டில் வருவான். உடம்பில் எண்ணெய் பூசிக் கொண்டிருப்பான். கொல்லைச் சுவரில் கன்னம் வைப்பான். அவனைத் தடுப்பதற்குத் தெருவிலே நாயும், கதவிலே பூட்டும், கிராமத்திலே தலையாரியும் இருந்தார்கள். இன்றைய திருடனோ பட்டப் பகலில், நாம் காப்பி சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, நம்முடைய கைப்பேசி வழியாகவே வந்து விடுகிறான். இதில் விசேஷம் என்னவென்றால், அவனுக்குக் கதவைத் திறந்து விடுகிறவர்கள் பெரும்பாலும் நாமேதான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சி முப்பது வருஷமாகத் தராசு பிடித்தவர். துவரம்பருப்பு ஒரு பிடி குறைந்தாலும் கையிலே தூக்கிப் பார்த்துச் சொல்லி விடுவார். அப்பேர்ப்பட்டவர் சென்ற தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். என்னவென்று விசாரித்தேன்.

"பண்டிகைக்கு முதல் நாள் மூச்சு விட நேரமில்லாத வியாபாரம் ஸார். இராத்திரி கணக்குப் பார்த்தால், கைப்பேசியில் வந்திருக்க வேண்டிய பணத்தில் ஒரு காசு கூட என் கணக்குக்கு வரவில்லை" என்றார்.

சங்கதி இதுதான். பணம் செலுத்துவதற்காகக் கடையில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையின் மேல், எவனோ தன்னுடைய அட்டையை ஒட்டி விட்டுப் போயிருக்கிறான். வாடிக்கைக்காரர்கள் நாணயமாகத்தான் பணம் செலுத்தினார்கள். அத்தனையும் திருடன் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

"வீட்டில் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்வது? இந்த வயதில் ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது" என்றார். திருடன் அவரிடமிருந்து கொண்டு போனது பணம். அந்த வெட்கமோ மூன்று நாட்களைக் கொண்டு போய்விட்டது. இத்தகைய திருட்டில் அந்த மூன்று நாட்கள் எவ்வளவு விலை மதிப்புள்ளவை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்குவதற்கு எண் எதற்கு?

2016-ம் ஆண்டில் நம் நாட்டில் யு.பி.ஐ. முறை ஏற்பட்டது சிறு வியாபாரிகளுக்குப் பெரிய உபகாரம். சில்லறைக்குப் பதிலாக மிட்டாயைக் கையில் திணிக்கும் சம்பிரதாயம் அதனால் அநேகமாக ஒழிந்தது. ஆனால் அதிலே ஒரு சூட்சுமத்தை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ரகசிய எண்ணை அழுத்தினால் நம் பணம் வெளியே போகும், உள்ளே வராது. பணம் பெறுவதற்கு எண்ணும் வேண்டாம், எந்த அட்டையையும் படம் பிடிக்கவும் வேண்டாம்.

பழைய கட்டிலை விற்பதாக விளம்பரம் செய்தால், "நான் பட்டாளத்துச் சிப்பாய், பணம் அனுப்புகிறேன், இந்த அட்டையைப் படம் பிடித்து எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் பேசுவான். அழுத்தினால் கட்டிலும் நம்மிடம் இருக்கும். பணம் மட்டும் போயிருக்கும். தனி மனிதர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கோரி விண்ணப்பம் அனுப்பும் வசதியை 2025 அக்டோபரிலிருந்து நிறுத்தும்படி உத்தரவாயிற்று. ஒரு வாசல் அடைபட்டது. மற்ற வாசல்களை நாம்தான் அடைக்க வேண்டும்.

அழையாத கல்யாணம்

இன்னொரு தந்திரம் கல்யாணப் பத்திரிகை. வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்றிருக்கும். வாகன அபராதச் சீட்டு என்றும், பாங்கி அறிவிப்பு என்றும் அதே வேஷம் பல உருவங்களில் வருவதுண்டு. அது பத்திரிகையே அல்ல. கைப்பேசிக்குள் குடியேறும் ஒரு செயலி. உள்ளே புகுந்ததும் நமக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படித்து, பாங்கி அனுப்பும் ஒரு தடவை எண்ணைத் திருடனுக்கு அனுப்பி விடும். தெரிந்தவர் அனுப்பினாலும் திறக்கக் கூடாது. அவருடைய கைப்பேசியே திருடன் கையில் சிக்கியிருக்கலாம். அவரைக் கூப்பிட்டு, "பெண் யார், பிள்ளை யார்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

இதைவிடக் கொடியது வேஷப் போலீஸ். உடுப்பணிந்த ஒருவன் படத்தோடு தோன்றி, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது. உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். அறையை விட்டு நகரக் கூடாது" என்று மிரட்டுவான். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் பலர் இந்த மிரட்டலுக்கு அஞ்சி ஆயுட்காலச் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27-ம் தேதி வானொலியில் பேசிய பிரதம மந்திரியும் இதையே எடுத்துச் சொன்னார்.

கணக்குப் புத்தகத்துக்குப் பிரதி

சிறிய அச்சகமோ, மருந்துக் கடையோ, இன்று கணினி இல்லாத இடம் அபூர்வம். 2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்னும் நாச நிரல் 150-க்கு மேற்பட்ட நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகளைப் பூட்டி விட்டு, சாவி வேண்டுமானால் 300 டாலர் கொடு என்றது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே தவித்தன. இத்தனைக்கும், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டவர்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

ஆகையால் கணினி திருத்தம் கேட்டால் அன்றைக்கே செய்து விடுங்கள். கணக்குகளுக்கு வாரந்தோறும் பிரதி எடுத்து, அந்தப் பெட்டியைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். கழற்றாத பிரதியும் அசலோடு சேர்ந்து பூட்டிக் கொள்ளும். காசு கொடுக்காமல் கிடைக்கும் திருட்டு மென்பொருளை நம்ப வேண்டாம். அதனுள் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தொற்றுக் கண்ட கணினியைச் சுத்தம் செய்ய, சர்க்கார் 2017-ல் ஆரம்பித்த 'சைபர் ஸ்வச்சதா கேந்திரம்' இலவசக் கருவிகள் தருகிறது.

முதல் ஒரு மணி நேரம்

இவ்வளவுக்கும் பிறகு ஏமாந்து விட்டால்? உடனே 1930 என்னும் எண்ணைக் கூப்பிட வேண்டும். பாங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்கும் மாற்றிக் கொண்டேயிருப்பான். கடைசியில் ரொக்கமாக எடுத்து விடுவான். அதற்கு முன் தகவல் எட்டினால், பணம் நிற்கும் கணக்கை முடக்கி வைக்க முடியும். முதல் ஒரு மணி நேரத்துக்கு இருக்கிற மதிப்பு மறுநாளுக்குக் கிடையாது.

அண்ணாச்சியும் நானும் அன்றே 1930-ஐக் கூப்பிட்டோம். ஆனால் மூன்று நாள் கழிந்து விட்டது. சிறு பகுதி ஒரு கணக்கில் தங்கியிருந்ததாகவும், அதை முடக்கியிருப்பதாகவும் பின்னால் செய்தி வந்தது. மீதி போனது போனதுதான்.

இப்பொழுது அவர் கடையில் பணம் வந்ததும் உரக்கச் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் கடையைத் திறந்து, விளக்கேற்றி, க்யூ.ஆர். அட்டையின் ஓரத்தை நகத்தால் ஒரு தரம் சுரண்டிப் பார்க்கிறார். பிறகு தம் கைப்பேசியிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி, பேரனிடம் கொடுக்கிறார். பெட்டி, "ஒரு ரூபாய் வந்தது" என்கிறது. அதற்கப்புறந்தான் முதல் போணி.

வாடிக்கைக்காரர்களிடம் நடந்ததை ஒளிக்காமல் சொல்லவும் சொல்கிறார். "வெட்கப்பட வேண்டியவன் அவன்தானே ஸார்?" என்று என்னிடம் கேட்டார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றைக்கே இதைச் சொல்லி வையுங்கள்.