ஒரு நிரல் அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும்?

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது. நட்சத்திரத்தைப் பின்தொடரும் இத்தகைய தொலைநோக்கி, பூமி சுழல்வதை ஈடுகட்டத் தானும் நொடிக்கு சுமார் 15 ஆர்க் செகண்ட் திரும்பிக்கொண்டே இருக்கணும். (ஒரு டிகிரிக்கு 3600 ஆர்க் செகண்ட்.) கணினி இதைச் செய்யும்போது, நிலையைப் படித்து, பிழையைக் கணக்கிட்டு, மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் நிரல் ஒன்று குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும். கட்டளை தாமதமானால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடலாம். ஒரு இரவின் படம் போச்சு, அவ்ளோதான். விமானத்தில் இதே தாமதம் என்றால் போவது படம் அல்ல.

ஓட்டிப் பார்த்து அளந்தால் போதாதா? பத்து இரவு அளந்ததில் அதிகபட்சம் 610 மைக்ரோ செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். அது அந்தப் பத்து இரவைப் பற்றிய தகவல், பதினோராவது இரவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எல்லாப் பாதைகளையும் எண்ணிப் பார்க்கலாம் என்றால், வரிசையாக 30 இஃப் இருந்தாலே 107 கோடிப் பாதைகள்.

1995-இல் பிரின்ஸ்டனில் லீ, ஷரத் மாலிக் இருவரும் சொன்ன வழி அழகானது: பாதைகளை எண்ணாதே, ஒவ்வொரு துண்டும் எத்தனை தடவை ஓடுகிறது என்பதை மட்டும் மாறியாக வை. உதாரணத்துக்கு ஒரு கற்பனை நிரல் (காவலூர் மென்பொருள் அல்ல). முதலில் ஒரு இஃப்: வேகம் 15-ஐ மீறினால் ‘அ’ துண்டு (300 மைக்ரோ செகண்ட்), இல்லையேல் ‘ஆ’ (50). நடுவில் ஒரு லூப், சுற்றுக்கு 40, அதிகபட்சம் 8 சுற்று. கடைசியில் இன்னொரு இஃப்: வேகம் 15 அல்லது அதற்குக் கீழ் என்றால் ‘இ’ (400), இல்லையேல் ‘ஈ’ (100). கெடு 1000.

சமன்பாடுகள்: அ + ஆ = 1, இ + ஈ = 1, லூப் ≤ 8. மொத்த நேரத்தைப் பெரிதாக்கு என்று முழுஎண் சால்வரிடம் கொடுத்தால் 300 + 320 + 400 = 1020 என்று வரும். கெடுவைத் தாண்டிவிட்டது. இன்னும் வேகமான செயலி வாங்கணுமா?

அவசரப்பட வேண்டாம். ‘அ’ ஓட வேகம் 15-க்கு மேல் இருக்கணும், ‘இ’ ஓட மேல் இருக்கக் கூடாது. நடுவில் வேகத்தை யாரும் மாற்றவில்லை என்றால் இரண்டும் ஒரே ஓட்டத்தில் நடக்காது. நம் கண்ணுக்கு இது தெரிகிறது, முழுஎண் சால்வருக்குத் தெரியாது. ஆகவே இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து ஒரு எஸ்எம்டி சால்வரிடம் கேட்கிறோம். ‘இரண்டும் ஒன்றாக உண்மையாக முடியாது’ என்று அது நிரூபித்ததும், அ + இ ≤ 1 என்று ஒரு வரி கூட்டுகிறோம். இப்போது விடை 50 + 320 + 400 = 770. அதே செயலி போதும். அளந்து கிடைத்த 610-ஐ விட இது அதிகம் என்பதையும் கவனியுங்கள்: லூப் முழு 8 சுற்றும் ஓடிய இரவு அந்தப் பத்தில் இல்லை.

அந்த 8 எங்கிருந்து வந்தது? சில லூப்களுக்குக் கருவியே கண்டுபிடிக்கும், மற்றவற்றுக்கு நிரல் எழுதியவர்தான் சொல்லணும். எல்லை தராவிட்டால் சால்வர் விடையை முடிவிலி என்றே சொல்லும், அது நியாயமும்கூட. என்னைக் கேட்டால் சால்வர் பகுதிதான் இதில் சுலபம். 300, 40 என்று நான் சும்மா போட்ட எண்கள்தான் தலைவலி: தரவு கேஷில் இருந்தால் ஒரு நேரம், இல்லாவிட்டால் பல மடங்கு. ஏர்பஸ் ஏ380-க்குப் பயன்பட்ட ஏஐடி போன்ற கருவிகள் முதலில் கேஷையும் பைப்லைனையும் அலசி அந்த எண்களுக்கு மேல்வரம்பு கண்டுபிடித்துவிட்டு, அதற்குப் பிறகே சால்வரைக் கூப்பிடுகின்றன.