தபாலில் தோட்ட விதை தருவிக்கும் கமக்காரருக்கு

சென்ற காலபோகத்தின் தொடக்கத்தில் உடுவிலைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் என்னை அழைத்துச் சென்று தமது மிளகாய் நாற்றுமேடையைக் காட்டினார். மேடை நன்றாகக் கொத்தப்பட்டு, எருவிடப்பட்டு, காலையும் மாலையும் நீர் தெளிக்கப்பட்டிருந்தது. ஆயினும் விதைத்துப் பதினெட்டு நாளாகியும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே நாற்றுக்கள் தலைகாட்டின. அவ்விதை, கைபேசியிற் கண்ட விளம்பரமொன்றை நம்பித் தபாலில் தருவிக்கப்பட்டது. அதற்குக் கொடுத்த பணம் பெரிதன்று. வேறு விதை தேடி, மறுபடியும் மேடையிட்டு, நாற்றுப் பிடுங்கும் பருவம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று பரப்புச் செம்மண் அந்தப் போகம் மிளகாயின்றியே கிடந்தது. விதைப் பொதியின் விலையை மட்டும் கணக்கிடுவோர் போகத்தின் விலையை மறந்துவிடுகின்றனர்.

தபாலில் விதை தருவிப்பது தவறென்று கூற நான் முன்வரவில்லை. கடையில் இல்லாத இனங்களை வீட்டிலிருந்தே பெறுவதற்கு அது நல்ல வழியாகும். எவ்விதையை எவரிடமிருந்து தருவிப்பது என்பதே கேள்வி.

முதலாவதாக, தருவிக்கவேண்டிய விதை எது, தருவிக்க வேண்டாத விதை எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். கோவா, கரட், பீற்றூட் ஆகியன குளிர் பட்டாலன்றிப் பூத்து விதை தருவனவல்ல. யாழ்ப்பாணத்து வெப்பத்தில் அவற்றின் விதையை நாம் எடுக்க இயலாது. குளிர்நாடுகளில் விளைந்து வரும் விதையையே விலைக்கு வாங்கவேண்டியவர்களாயிருக்கிறோம். கத்தரி, வெண்டி, பாகல், புடோல், பயற்றை, கீரை முதலியவற்றின் நிலை வேறு. நமது மண்ணுக்குப் பழகிய நல்லினங்கள் அருகிலேயே உள. விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் கத்தரி இனங்களுள் ஒன்று திருநெல்வேலி ஊதா. பாகல் இனங்களுள் ஒன்று திருநெல்வேலி வெள்ளை. நமது பக்கத்து ஊரின் பெயரால் வழங்கும் இனத்தை விட்டுவிட்டு, முகவரி தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்புவானேன்? 1990 ஆம் ஆண்டில் புகையிரதம் நின்று, பின்னர் தரைப்பாதையும் பலகாலம் அடைபட்டிருந்தபோது, தோட்டங்களில் விதை அறாமற் காத்தவை அடுப்பங்கரைப் பரணிற் சாம்பல் கலந்து வைக்கப்பட்ட முட்டிகளே. கலப்பின விதையிலிருந்து பெற்ற பயிரில் மட்டும் விதை எடுக்கலாகாது. அடுத்த தலைமுறையிற் குணங்கள் பிரிந்துவிடும். ஒரு செடி போல் மற்றச் செடி இராது.

நெல் விதையைத் தபாலில் எவரும் தருவிப்பதில்லையாகையால் அதை இங்கு விட்டுவிடுவோம்.

வாங்கியே தீரவேண்டிய விதைக்கு முதலில் நாடவேண்டியது திணைக்களத்தின் விதை விற்பனை நிலையமாகும். அங்கு இல்லாதவிடத்து, பதிவுபெற்ற உள்நாட்டு விதை வியாபாரியை நாடலாம். 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் இதன்பொருட்டே ஆக்கப்பட்டது. கட்டளை அனுப்புமுன் அவ்வியாபாரியிடம் சில கேள்விகள் கேட்டல் நன்று. விதை எந்த ஆண்டு அறுவடை? தொகுதி இலக்கம் யாது? முளைதிறன் எப்போது சோதிக்கப்பட்டது, நூற்றுக்கு எத்தனை முளைத்தன? மருந்து பூசப்பட்டதா? நேர்மையான வியாபாரி இவற்றுக்கு எழுத்தில் விடை தருவார். விடை தராது வர்ணப்படங்களை மாத்திரம் அனுப்புபவரை விட்டு விலகுக. நீல நிற ஸ்ரோபெரியின் படத்தைக் காட்டி விதை விற்போர் இன்றும் இருக்கின்றனர். அப்படியொரு பழம் உலகில் இல்லை.

நல்ல விதையும் நம் இடத்துக்கு ஒவ்வாததாய் இருக்கக்கூடும். பண்ணைப் பாடசாலையில் டிப்ளோமா முடித்து வந்த முதலாண்டில் நானே தபாலிற் கோவா விதை தருவித்தேன். விதை பழுதற்றது, ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. மலைநாட்டுக் குளிருக்கு உரிய இனம் என்பதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இலைகள் அகன்று விரிந்தன, ஒரு செடியேனும் தலை கட்டவில்லை. வேலியால் எட்டிப்பார்த்த அயலவர், "தம்பி, இது கறிக்கோ, மாட்டுக்கோ?" என்று கேட்டார். மாட்டுக்கே போட்டேன். அமெரிக்காவில் 1876 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரிற் தொடங்கிய பர்ப்பி என்னும் தபால்வழி விதை நிறுவனம், 1888 ஆம் ஆண்டிற் பென்சில்வேனியாவில் ஃபோர்ட்ஹூக் என்னும் பண்ணையை வாங்கித் தன் இனங்களை அங்கு பயிரிட்டுப் பரிசோதித்தது. பரீட்சை நிலம் உடைய வியாபாரியின் சொல்லுக்கு நிறை அதிகம். அந்த நிலம் நமது தட்பவெப்பத்தை ஒத்ததாயின் இன்னும் நன்று.

விதையின் வயதைப்பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். விதை உயிருள்ள பொருள். சூடும் ஈரமும் அதன் பகைவர். சாதாரணமாக, விதையின் ஈரப்பதன் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று கணக்கிடுவர். ஆகவே கடதாசி உறையில் வரும் விதையைவிட ஈரம் புகாத தகட்டுப் பையிலோ அடைத்த தகரத்திலோ வரும் விதை மேலானது. மாரி காலத்தில் தபாற் பையிற் கிடந்து வரும் விதைக்கு இது இருமடங்கு பொருந்தும். வெங்காய விதை ஓராண்டிலேயே வலுவிழந்துவிடும். தக்காளி, கத்தரி விதைகள் நன்கு உலர்த்தி வைத்தாற் சில ஆண்டுகள் தாங்கும்.

மலிவு எது என்பதையும் உயிருள்ள விதையைக் கொண்டே அளத்தல் வேண்டும். ஓரிடத்திற் பத்துக் கிராம் 400 ரூபா, முளைதிறன் நூற்றுக்கு 90 எனக் கொள்வோம். இன்னோரிடத்தில் அதேயளவு 250 ரூபா, முளைதிறன் 50. பத்துக் கிராம் முளைக்கும் விதைக்கு முன்னையவரிடம் 444 ரூபாவும் பின்னையவரிடம் 500 ரூபாவும் செலவாகும். மலிவென்று கண்டது விலை கூடியதாயிற்று. வெற்றிடம் நிரப்பும் கூலி இக்கணக்கிற் சேரவில்லை.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அன்போடு கடித உறையில் வைத்து அனுப்பும் விதை நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அன்பு பெரிது, எனினும் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமும் ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இன்றி விதை தருவித்தலாகாது. இது வெறும் காகிதச் சடங்கன்று. தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் சில வைரசு நோய்கள் விதையோடு பயணஞ் செய்பவை. களை விதை கலந்து வருதலும் உண்டு. 1987 ஆம் ஆண்டளவில் இந்திய அமைதிப்படையினர் கொணர்ந்த ஆடுகளோடு வந்ததென்று கருதப்படும் பார்த்தீனியத்தைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை சொறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2020 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பலருக்குக் கேளாமலே விதைப்பொதிகள் தபாலில் வந்துசேர்ந்தபோது, அவற்றை நடவேண்டாமென அந்நாட்டு விவசாயத் திணைக்களம் மக்களை எச்சரித்தது. அத்தகைய பொதி உங்களுக்கு வந்தால் எறியவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். உறையுடன் எம்மிடம் தாருங்கள்.

புரட்டாதியில் மேடையிடுபவர் ஆடியிலேயே கட்டளை அனுப்புதல் நலம். முதன்முறை சிறு பொதி ஒன்றே போதும். பொதி வந்தவுடன் நூறு விதைகளை எண்ணி, நனைத்துப் பிழிந்த துணியிற் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரம் உலராது வையுங்கள். மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளைப் பதினான்காம் நாள் எண்ணலாம். கோவாவுக்குப் பத்து நாள் போதும். பீற்றூட் விதை எனப்படுவது பல விதைகள் சேர்ந்த கொத்தாகையால், ஒரு கொத்திலிருந்து மூன்று முளை வந்தாலும் ஒன்றென்றே எண்ணுக. எழுபது முளைத்தால் அதற்கேற்ப விதையைக் கூட்டி இடலாம். ஐம்பதுக்குக் கீழாயின் மேடையிடாமல், பொதியின் மேலுறை, பற்றுச்சீட்டு, எஞ்சிய விதை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் வாருங்கள். மேலுறையைக் கிழித்தெறிந்துவிட்டு வருபவருக்காக வியாபாரியிடம் வாதாட எம்மிடம் ஒன்றும் இராது.