வரிச்சுவருக்குள் வளர்ந்த இரண்டு கார்கள்

வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரி போட்டால் அந்தப் பணத்தை வெளிநாட்டுக்காரர்தான் கட்டுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். மேடையில் அப்படியே பேசும் தலைவர்களும் உண்டு. நடப்பது வேறு. சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் வந்து இறங்கினால், அதற்குச் சுங்க வரி கட்டுபவர் அதை வரவழைத்த நம்மூர் இறக்குமதியாளர். கட்டியதை அவர் விலையில் ஏற்றிவிடுவார். சந்தை கைநழுவிப் போகக் கூடாதே என்று வெளிநாட்டு உற்பத்தியாளர் சில சமயம் விலையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார். மீதி வாங்குபவர் தலையில் விழும். கதை அதோடும் முடியாது. இறக்குமதிப் பொருளின் விலை ஏறியதும் உள்ளூர்த் தயாரிப்பாளருக்கும் விலையை ஏற்ற இடம் கிடைத்துவிடுகிறது. வரியே இல்லாத உள்ளூர்ப் பொருளுக்கும் நாம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்தக் கூடுதல் கஜானாவுக்குப் போவதில்லை, கம்பெனிக்குப் போகிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2018 ஜனவரியில் அமெரிக்கா வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு வரி போட்டது. ஆண்டுக்கு 12 லட்சம் மெஷின்கள் வரை 20 சதவீதம், அதைத் தாண்டினால் 50 சதவீதம். அமெரிக்கத் தயாரிப்பாளரான வேர்ல்பூல் கேட்டு வாங்கிய பாதுகாப்பு அது. அமெரிக்க மத்திய வங்கியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பொருளியலாளர்கள் விளைவுகளைக் கணக்கெடுத்தார்கள். வாஷிங் மெஷின் விலை சுமார் 86 டாலர் ஏறியிருந்தது. துணி உலர்த்தும் டிரையருக்கு வரியே கிடையாது. ஆனால் அதுவும் சுமார் 92 டாலர் ஏறியிருந்தது! அமெரிக்கக் கடைகளில் இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். அதனால் ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். சாம்சங் தென் கரோலினாவிலும் எல்ஜி டென்னசியிலும் ஆலை திறந்தன, வேலை வந்தது என்பதும் உண்மை. சுமார் 1,800 வேலைகள். மக்கள் கூடுதலாகக் கொடுத்த விலையை அந்த வேலைகளால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 8,15,000 டாலர் வருகிறது. அத்தனை சம்பளம் எந்த ஆலைத் தொழிலாளிக்கும் கிடைக்காது.

இவ்வளவுதான் விஷயம் என்றால் வரிச்சுவர்களை இன்றே இடித்துவிடலாம். ஆனால் வரலாறு வேறு பக்கமும் பேசுகிறது. தடையற்ற வணிகத்தின் தாய்வீடு என்று சொல்லப்படும் இங்கிலாந்து, சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் போன பருத்தித் துணிகளோடு போட்டி போட முடியாமல், 1721-ல் அச்சுப் பருத்தித் துணிகளைப் பயன்படுத்துவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. அங்கே இயந்திர ஆலைகள் தழைத்த பிறகுதான் சந்தையைத் திறந்துவிடு என்று உலகுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தது. அந்தப் பாடம் இந்தியாவில் எப்படி நடந்தது என்பதற்கு 1896 போதும். வருமானத் தேவைக்காக இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீத வரி போட்ட காலனி அரசு, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதத்தைக் கலால் வரியாகப் போட்டது. சொந்த மண்ணில் நெய்த துணிக்கு, அந்நியத் துணிக்குச் சமமான தண்டனை. அந்தக் கலால் வரி முழுதாக ஒழிய 1926 ஆனது. உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இந்திய அரசியலில் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு இந்தக் காயம் ஒரு முக்கியக் காரணம்.

பாதுகாப்புக்கு ஆதரவான பொருளியல் வாதமும் எளிமையானதுதான். புதுத் தொழிலில் முதல் பத்தாண்டு நஷ்டம்தான். கைத்திறன் படிய வேண்டும், உதிரிபாகம் செய்பவர்கள் உருவாக வேண்டும், உற்பத்தி பெருகி அடக்கவிலை குறைய வேண்டும். இதையெல்லாம் ஏற்கெனவே முடித்துவிட்ட அந்நிய கம்பெனியோடு முதல் நாளிலேயே மோதவிட்டால் புதியவன் எழுந்திருக்கவே மாட்டான். அமெரிக்காவின் முதல் கருவூலச் செயலர் ஹாமில்டன் 1791-லேயே இதைச் சொன்னார்.

இந்தியாவில் இதை விதியாகவே எழுதியது 1921-22-ன் நிதிக் குழு. ஒரு தொழில் பாதுகாப்புக் கேட்டு வந்தால் மூன்றைப் பார்க்கச் சொன்னது: அதற்கு நாட்டில் இயற்கையான வசதி இருக்கிறதா, பாதுகாப்பு இல்லாமல் அது வளரவே முடியாதா, கடைசியில் பாதுகாப்பை எடுத்துவிட்டால் உலகப் போட்டியைத் தாங்குமா. இதன்படிதான் 1924-ல் எஃகுத் தொழிலுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, டாடாவின் ஜாம்ஷெட்பூர் ஆலை தலைதப்பியது. முதலில் கொடுத்தது மூன்று ஆண்டுகளுக்கு மட்டும். அப்புறம் மறுபடி வந்து கணக்குக் காட்ட வேண்டும். சுதந்திர இந்தியா இந்த மூன்றாவது கேள்வியைத்தான் தொலைத்தது.

அம்பாசிடரைப் பாருங்கள். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1950-களின் பிற்பாதியில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அப்படியே எடுத்து அம்பாசிடர் என்று இறக்கியது. பம்பாயில் பிரீமியர், சென்னைக்கு வெளியே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு. சந்தை இந்த மூவரோடு முடிந்தது. வெளிநாட்டுக் கார் உள்ளே வர வழியில்லை. உள்ளே இருப்பவரும் உரிமத்தில் எழுதியதற்கு மேல் ஒரு கார்கூடச் செய்ய முடியாது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் மக்கள். வரிசையில் ஆள் நிற்கும்போது எந்த முதலாளி புது எஞ்சினுக்குச் செலவு செய்வார்? ஹாரனைத் தவிர மற்ற எல்லா பாகமும் சத்தம் போடும் என்று அந்தக் காரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நியாயமாகச் சொன்னால் பழி முழுவதும் கம்பெனிமேல் இல்லை. கார் என்பது ஆடம்பரம், அதற்கு அந்நியச் செலாவணி எதற்கு என்று கேட்ட அரசுக்கும் பங்குண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் சாயம் வெளுத்தது. அரசு அலுவலகங்களும் டாக்சிக்காரர்களும் தாங்கிப்பிடித்ததில் அம்பாசிடர் 2014 வரை ஓடியது. சுமார் 57 ஆண்டுகள் சுவருக்குள் இருந்தும் உலகச் சந்தையில் அதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

அதே காலத்தில் இன்னொரு ஏழை நாடும் இதே போன்ற சுவரைக் கட்டியது. தென் கொரியா. ஹூண்டாய் மோட்டார் 1967-ல் தொடங்கி, ஃபோர்டு கார்ட்டினாவைப் பூட்டிக் கொடுக்கும் கம்பெனியாகத்தான் இருந்தது. நம் அம்பாசிடரைவிடப் பத்து வயது இளையது. 1975 டிசம்பரில் போனி என்ற தன் முதல் சொந்தக் காரைச் செய்தது. மறு ஆண்டே அது ஈக்வடாருக்குக் கப்பலேறியது. 1986-ல் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. ஜப்பான் கார்களை 1999 வரை கொரியா உள்ளேயே விடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

சுவர் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். உள்ளே நடந்தது வேறு. கொரியாவில் அதிபர் பார்க் சுங் ஹீயின் அரசு மலிவுக் கடன் கொடுத்தது, இறக்குமதியைத் தடுத்தது. பதிலுக்கு ஏற்றுமதி இலக்கு வைத்தது. மாதாமாதம் அதிபரே தலைமை தாங்கிய கூட்டத்தில் ஏற்றுமதிக் கணக்கு வாசிக்கப்பட்டது. உள்ளூர் வாடிக்கையாளரை ஏமாற்றலாம். அமெரிக்க வாடிக்கையாளரை ஏமாற்ற முடியாது. கார் நன்றாக இருக்கிறதா என்று அதிகாரி சான்றிதழ் தர வேண்டியதில்லை, வெளிநாட்டுச் சந்தை சொல்லிவிடும். அம்பாசிடருக்கு இப்படி ஒரு பரீட்சையை யாரும் வைக்கவே இல்லை.

கொரியாவைப் புகழ்பவர்கள் அதன் செலவை எழுதுவதில்லை. உள்ளூரில் கொரியர்கள் அதிக விலை கொடுத்ததால்தான் போனியை வெளியே மலிவாக விற்க முடிந்தது. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன. 1970 நவம்பரில் சோல் நகரத்துத் தையல் தொழிலாளி ஜியோன் தே இல், தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லித் தீக்குளித்து இறந்தார். கடனில் ஊதிய கம்பெனிகள் 1997 நெருக்கடியில் சரிந்தன. கார் கம்பெனியான கியா திவாலாகி ஹூண்டாயிடம் போனது.

அந்த ஹூண்டாய் 1996-ல் தமிழ்நாட்டுக்கு வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஆலை போட்டு, 1998-ல் சான்ட்ரோ காரை இறக்கியது. முழுக்காராக இறக்குமதி செய்தால் வரி கட்டி மாளாது, இங்கேயே செய்தால்தான் பிழைப்பு என்ற கணக்கும் அது இங்கே ஆலை போட்டதற்கு ஒரு காரணம். ஆக, நம் சுவரும் வீண் போகவில்லை. உள்ளூர் கம்பெனியைத் தூங்கவைத்த அதே சுவர், உள்ளே போட்டியை அனுமதித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிலையே வளர்த்துவிட்டது.

கார் முடிவுப் பொருள். கச்சாப் பொருளுக்கு வரி போடுவது வேறு விவகாரம், அதில் அடி நம்மேலேயே விழும். 2021 பட்ஜெட்டில் மத்திய அரசு இறக்குமதிப் பருத்திக்கு, மேல்வரிகள் எல்லாம் சேர்த்து 11 சதவீத வரி போட்டது. நோக்கம் பருத்தி விவசாயியைக் காப்பது. அடுத்த ஆண்டே பருத்தி விலை எகிறி, 356 கிலோ கொண்ட ஒரு கண்டி ஒரு லட்சம் ரூபாயை எட்டியது. பருத்தி ஏறினால் கோவை ஸ்பின்னிங் மில் நூல் விலையை ஏற்றும். நூல் ஏறினால் திருப்பூர்க்காரர் மாட்டிக்கொள்வார். அவர் பையரிடம் ஆறு மாதம் முன்பே ஒரு பீஸுக்கு இவ்வளவு சென்ட் என்று விலை பேசி ஆர்டர் எடுத்தவர், இனி ஏற்ற முடியாது. ஏற்றினால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடும். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஆடைக்கு வரியே கிடையாது. 2022 ஏப்ரலில் அரசு அந்த வரியைத் தற்காலிகமாக விலக்கியது. பிறகு மறுபடி வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள்மீது 50 சதவீதம் வரை வரி போட்டபோது, அதே மாதம் 19-ம் தேதி பருத்தி வரியை மறுபடி விலக்கினார்கள். உடனே விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. அவர்கள் பக்கமும் தவறில்லை. அறுவடை நேரத்தில் மலிவுப் பஞ்சு வந்திறங்கினால் விலை விழும்.

இங்கே என் கருத்து இது: பருத்தி விவசாயியைக் காக்க வேண்டும், ஆனால் அதைப் பனியன் கம்பெனியின் செலவில் செய்யக் கூடாது. ஆதரவு விலையில் அரசே கொள்முதல் செய்யலாம், நேரடியாகப் பணமும் கொடுக்கலாம். அந்தச் செலவு பட்ஜெட்டில் எழுதப்படும், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேள்வி வரும், தணிக்கை வரும். இறக்குமதி வரியின் செலவோ எந்தக் கணக்கிலும் ஏறாமல் கோடிக்கணக்கான பில்களில் ஒளிந்துகொள்கிறது. அரசுகள் வரியை விரும்புவதற்கு அதுவே காரணம் என்பது என் சந்தேகம்.

செலவு செய்வதிலும் ஓட்டை உண்டு. செல்போன் தயாரிப்புக்கு 2020-ல் வந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் நன்றாகவே யோசிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுக்கு மட்டும், கூடுதலாகச் செய்து விற்றதில் 4 முதல் 6 சதவீதம். செய்யாவிட்டால் பணம் கிடையாது. ஐபோன்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் அமெரிக்காவுக்குப் போவதற்கு இதுவும் காரணம். ஆனால் உள்ளே இருக்கும் பாகங்களில் பெரும்பகுதி இறக்குமதி, இங்கே நடப்பது பூட்டும் வேலைதானே என்று முன்னாள் ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. சலுகை கொடுத்தால் கம்பெனி தங்கிவிடும் என்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் திறந்து 2014-ல் மூடியது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. இடம், வரி, மின்சாரம் எல்லாவற்றிலும் மாநிலங்கள் போட்டி போட்டுச் சலுகை தந்த காலத்தில் வந்தவை இவை.

எனவே பாதுகாப்பு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால் வேண்டும் என்றே சொல்வேன். கச்சாப் பொருளுக்கு வேண்டாம், ஏற்கெனவே பெரிதாகிவிட்ட தொழிலுக்கு வேண்டாம், எப்போது முடியும் என்ற தேதி எழுதாத எதற்கும் வேண்டாம். அடுத்த பட்ஜெட்டில் ஏதாவது ஒரு பொருளுக்குச் சுங்க வரி ஏறினால் முதலில் அந்தத் தேதியைத் தேடுங்கள். தேதி இல்லாத வரிக்கு என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டது. பதிலடியாக அமெரிக்கா 1964-ல் இறக்குமதி சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. லாரி வரி இன்னும் இருக்கிறது. கொரியாவில் செய்த வண்டிகளுக்கு அது 2021-ல் போக வேண்டியது. 2018-ல் இரு நாட்டு வணிக ஒப்பந்தத்தைத் திருத்தி 2041 வரை நீட்டித்துவிட்டார்கள்.