முதலில் ஓசுவைப் பாருங்கள்

நல்ல ஜப்பானியப் படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், பெரும்பாலும் குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) என்றுதான் பதில் வரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாளும் மழையும் குதிரையுமாகப் பார்த்துப் பழகியவர், யாசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’க்கு (1953) வந்ததும் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று பாதியில் எழுந்துவிடுகிறார். அதனால்தான் ஓசுவிலிருந்தே தொடங்கலாம் என்கிறேன்.

ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவிலுள்ள பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். மூத்தவன் டாக்டர், மகள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள், இருவருக்கும் நேரமில்லை. போரில் கணவனை இழந்த மருமகள் நொரிகோதான் லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே இருக்கும் கேமரா அநேகமாக அசைவதே இல்லை. மெதுவான படம் என்ற பெயர் இதனால் வந்தது. உண்மையில் ஓசு தாவித் தாவிச் செல்பவர். ஊர் திரும்பும் ரயிலில் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதை, ஒசாகாவில் இருக்கும் இன்னொரு மகன் பேசும்போதுதான் அறிகிறோம். சாவும் திரைக்கு வெளியேதான். ‘லேட் ஸ்பிரிங்’ (1949) படத்தில் பேச்செல்லாம் மகளின் கல்யாணம் பற்றியே. ஆனால் கல்யாணத்தையும் காட்டவில்லை, மாப்பிள்ளை முகத்தையும் காட்டவில்லை. எல்லாம் முடிந்தபின் வீட்டில் தனியாக ஆப்பிள் தோல் சீவும் அப்பாவைக் காட்டுகிறார். மற்றவர்கள் உச்சக்காட்சியாக எடுப்பதை விட்டுவிடுபவரை மெதுவானவர் என்பது எப்படிச் சரியாகும்?

பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் கதையைப் பார்த்து அலுத்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் வில்லன் கிடையாது. மூத்தவன் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைக் கைவிடுவது நோயாளி ஒருவருக்காக. அம்மா கவலைக்கிடம் என்று தந்தி வந்ததும் மகள் ஷிகே துக்க உடையை மறக்காமல் எடுத்து வைக்கிறாள். அன்பு மிகுந்த நொரிகோவுக்கு அது தோன்றவே இல்லை. முன்யோசனையையும் அன்பின்மையையும் பிரிக்க முடியாத இடம் அது. ஷிகேமேல் வரும் கோபம் சற்று நேரத்தில் நம் பக்கமே திரும்புகிறது.

ஓசுவின் தாவல் பழகிவிட்டால் குரோசாவாவின் ‘இகிரு’ (1952) எளிதாகப் பிடிபடும். அங்கே நாயகன் இறந்தபின்னும் படம் நெடுநேரம் ஓடுகிறது. சக ஊழியர்கள் துக்கவீட்டில் குடித்துக்கொண்டே அவரைப் பற்றி வாதாடுகிறார்கள். அடுத்து கொரீடாவின் ‘ஸ்டில் வாக்கிங்’ (2008): என்றோ இறந்துபோன மகனின் நினைவுநாளில் கூடும் குடும்பம், நிறையச் சாப்பாடு. 207 நிமிட சாமுராய்களுக்கு அதன்பிறகு உட்காரலாம்.