ஐடர் வாத்தின் அடைகாப்பும் நிற மறைவும்

ஸ்காட்லாந்து தேசத்தின் வடகிழக்குக் கரையில், அபர்டீன் நகருக்கு வடக்கே, ஐதன் ஆறு கடலில் கலக்குமிடத்தில் ஃபோர்வி என்னும் மணற்பிரதேசம் உள்ளது. 1959-ம் வருஷத்தில் இது தேசீய இயற்கைப் பாதுகாப்பு ஸ்தலமாக ஏற்படுத்தப்பட்டது. இங்குள்ள மணல் மேடுகளிலும், ஹெதர் என்னும் குறுஞ்செடி மண்டிய வெளிகளிலும் ஐடர் என்னும் கடல் வாத்துகள் வருஷந்தோறும் தரையிலேயே கூடு கட்டி முட்டையிடுகின்றன. மரப்பொந்து முதலிய மறைவேதுமின்றி இடப்படும் இம்முட்டைகள், கடற்காக்கை, காகம் முதலிய பகைகளுக்குத் தப்பும் விதம் கவனிக்கத்தக்கது.

இவ்வாத்தில் சேவலின் முதுகு வெண்மை, வயிறு கருமை. வெகு தூரத்திலிருந்தே அது கண்ணிற் படும். பெட்டையோ கபில நிறமுடையது. அதன் இறகுகளில் கரிய வரிகள் நெருங்கியிருக்கும். காய்ந்த புல், ஹெதர்த் தண்டு, அவற்றின் நிழல் ஆகியவற்றுடன் இவ்வரிகள் கலந்துவிடுவதால், பக்ஷி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்பது புலப்படுவதில்லை. பெட்டை அடையில் அமர்ந்தபின் சேவல் அதனை விட்டுக் கடலுக்குச் சென்றுவிடும். அடைகாத்தலும் குஞ்சுகளைப் பேணுதலும் பெட்டையின் வேலையே.

நிறம் மாத்திரம் போதாது. அசையும் பொருள் எந்நிறமாயினும் கண்ணுக்குத் தென்படும். ஆகையால் பெட்டை ஏறக்குறைய 26 நாட்கள் பெரும்பாலும் அசையாது அமர்ந்திருக்கும். அந்நாட்களில் அது இரை கொள்வது அபூர்வம். முன்பே கடற்சிப்பிகளைத் தின்று உடலிற் சேர்த்த கொழுப்பே அதற்கு ஆதாரம். அடை முடிவதற்குள் எடையில் மூன்றிலொரு பங்கு வரை குறைந்துவிடும். சிறிது நேரம் எழுந்து செல்ல நேர்ந்தால், தன் மார்பிலிருந்து பறித்துக் கூட்டில் இட்ட மெல்லிய தூவியால் முட்டைகளை மூடிச் செல்லும். சாதாரணமாக ஒரு கூட்டில் 4 முதல் 6 முட்டைகள் இருக்கும். தூவியின் மங்கிய நிறம் அவற்றை மறைக்கிறது. அதுவே சூட்டையும் காக்கிறது.

இம்மறைவுக்கும் எல்லையுண்டு. மோப்பத்தால் தேடும் நரிக்கு நிறம் தடையாகாது. மனிதரோ நாயோ திடீரெனக் கலைத்தால், பெட்டை முட்டைகளை மூடாமலே பறந்துவிடும். வெளிப்பட்ட முட்டைகளைக் கடற்காக்கைகள் உடனே கவர்ந்துகொள்ளும். ஒரு நிமிஷத்து அஜாக்கிரதையால் பல நாள் பட்டினி வீணாகிறது. இதனாலேயே ஃபோர்வியில் கூடு கட்டும் பருவத்தில் ஒரு பகுதி ஜனங்களுக்கு மூடப்படுகிறது.

ஐஸ்லாந்து விவசாயிகள் இதே பக்ஷியால் வருமானமும் பெறுகின்றனர். நரி முதலியவை அணுகாதபடி கூடுகளைக் காத்து, பக்ஷியைக் கொல்லாமல், தூவியை மட்டும் சேகரித்து விற்கின்றனர். ஒரு கிலோ தூவிக்குச் சுமார் 60 கூடுகள் தேவை. ஆகையால் கூடுகளிடையே அவர்கள் மெல்ல நடந்து, பெட்டைகளைக் கூடியமட்டும் கலைக்காமல் வேலை செய்கின்றனர். அமைதியாய் அடைகாத்த பெட்டை பெரும்பாலும் மறு வருஷமும் அவ்விடத்திற்கே திரும்பி வரும்.